விடுதியில் அடுத்தடுத்து இரண்டு மாணவர் மரணங்கள்: பெற்றோராகிய நாங்கள் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்?

கரிசல்மண் எழுதியது:

வணக்கம். நான் கோவில்பட்டிக்கு அருகே ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். என் மகன் வட மாநிலம் ஒன்றில், மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பல ஆயிரம் மாணவர்கள் தங்கிப் படிக்கும் பெரிய வளாகம் அது. இந்த செமஸ்டர் தொடங்கிப் பத்து வாரங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இரண்டாவது மாணவரின் அறை என் மகனின் அறையிலிருந்து மூன்று அறைகள் தள்ளி இருந்தது. அவரும் என் மகனும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள், ஒரே லேபுக்குப் போனவர்கள்.

நிறுவனத்திடமிருந்து பெற்றோருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிப்பதாகவும், வதந்திகளை நம்ப வேண்டாம் என்றும், வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறும் என்றும் அதில் இருந்தது. ஆலோசனை மையத்தின் தொலைபேசி எண்ணைக் கடைசி வரியில் கொடுத்திருந்தார்கள். நான் அந்த எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். அலுவலக நேரத்தில் அழைக்கும்படி பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று சொன்னது. நான் அழைத்த நேரம் இரவு எட்டரை மணி.

என் மகன் தொலைபேசியில் அதிகம் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பான், தூங்கினாயா என்றால் தூங்கினேன் என்பான். அந்த மாணவரைப் பற்றிக் கேட்டபோது, "நீங்கள் கவலைப்படாதீர்கள் அம்மா, நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினான். இறந்துபோன பிள்ளையும் தன் வீட்டில் இதே சொற்களைத்தான் சொல்லியிருப்பான் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்கு அந்த இடம் கிடைத்தபோது எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் உறவினர்கள் ஃபிளெக்ஸ் பேனர் வைத்தார்கள். பள்ளியில் பாராட்டு விழா நடத்தினோம். என் வகுப்புப் பிள்ளைகளிடம் அவனையே உதாரணமாகச் சொல்லி வந்தேன். அந்த பேனர் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏதேனும் ஒரு பாடத்தில் அவன் தவறியிருந்தால் அதை என்னிடம் சொல்லும் துணிவை அவனிடமிருந்து நானேதான் பறித்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அப்படிப்பட்ட எண்ணம் அவனுக்கு இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று என் மைத்துனர் சொல்கிறார். நான் நிர்வாகத்தைத் தொடர்புகொண்டால் அவன் பெயரில் ஏதாவது குறிப்பு எழுதப்பட்டு, பின்னாளில் வேலைவாய்ப்பு முகாமில் அவனைப் பாதிக்குமா? நிறுவனத்தைக் கேள்வி கேட்கப் பெற்றோருக்குச் சட்டப்படி ஏதாவது உரிமை இருக்கிறதா? இவற்றையெல்லாம் விட்டுவிட்டு அவனை ஊருக்கு அழைத்து வந்துவிடுவதுதான் சரியா? அனுபவமுள்ளவர்கள் பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பழைய வார்டன் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்த பிறகு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. நான் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்றவன். அதில் ஆறு ஆண்டுகள் நானூறு மாணவர்கள் தங்கிய விடுதிக்கு வார்டனாக இருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

இத்தகைய நிறுவனங்களுக்கு வரும் பிள்ளைகள் அனைவரும் தங்கள் பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்கள். அங்கே வந்து சேர்ந்ததும் அவர்களில் பாதிப் பேர் வகுப்பின் கீழ்ப்பாதியில் இருந்தே ஆக வேண்டும் என்பது வெறும் கணக்கு. நீங்கள் கணித ஆசிரியர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பல நிறுவனங்களில் ஒரு மாணவரின் கிரேடு அவர் எடுத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவாவதில்லை, வகுப்பில் மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டே முடிவாகிறது. அதனால் நன்றாக உழைத்த பிள்ளையும் பின்தங்கிப் போகலாம். முதல் செமஸ்டரில் ஒரு அரியர் வைத்த மாணவர் இரண்டாவது செமஸ்டரில் அதையும் சேர்த்துச் சுமக்கிறார். சி.ஜி.பி.ஏ. என்னும் ஒட்டுமொத்த கிரேடு சராசரி ஒரு வரம்புக்குக் கீழே போனால் புரொபேஷன், அதாவது படிப்பு கண்காணிப்பில் இருக்கிறது, என்று எழுத்துமூலம் அறிவிக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நண்பர்களிடம்கூடக் காட்டாத மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் வாழ்க்கையில் எதிலுமே தோற்காதவர்கள் என்பதால், தோற்ற செய்தியை ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய பேராசிரியர்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. நூற்றிருபது பேர் அமரும் வகுப்பில் ஒருவர் வராததை யார் கவனிப்பார்கள்? கவனித்தவர் எங்கள் மெஸ்ஸில் பரிமாறிய ஊழியர். "அந்தத் தம்பி நாலு நாளா சாப்பிட வரலை சார்" என்று என்னிடம் வந்து சொன்னார். நான் அறைக்குப் போய்க் கதவைத் தட்டியபோது மதியம் மூன்று மணி; அறை இருட்டாக இருந்தது. நான்கு பாடங்களில் தவறியிருந்தார், ஆறு வாரங்களாக வகுப்புக்குப் போகவில்லை, வீட்டுக்கு மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் அழைத்து நன்றாகப் படிப்பதாகச் சொல்லியிருந்தார். அவருடைய தந்தை வரும்வரை இரண்டு இரவுகள் அவருடைய நண்பர்களும் நானும் மாறி மாறி உடன் இருந்தோம். மருத்துவச் சிகிச்சைக்காக ஒரு செமஸ்டர் விடுப்புக்கு ஏற்பாடு செய்தோம். நான்கு ஆண்டுப் படிப்பை ஆறு ஆண்டுகளில் முடித்தார். இன்று நல்ல வேலையில் இருக்கிறார். அந்த இரண்டு கூடுதல் ஆண்டுகளைப் பற்றி அவரிடம் எந்த நிறுவனமும் கேட்கவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மற்றொரு மாணவரின் அறைக்கு நான் உரிய நேரத்தில் போகவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் மெஸ் வருகைப் பதிவேட்டை வாரம் ஒருமுறை நானே பார்க்கத் தொடங்கினேன்.

உங்கள் மகனின் நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு மாணவர் பாதியில் நின்று, ஓய்வெடுத்து, மீண்டும் வர வழி இருக்கிறதா என்பதுதான். ஆலோசகர் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள், ஆனால் அது இரண்டாவது. விடுப்பு எடுத்தால் கட்டணம் வீணாகுமா, உதவித்தொகை நிற்குமா, விடுதி அறை பறிபோகுமா, ஜூனியர்களோடு அமர வேண்டியவர் என்பதால் கேலிக்கு ஆளாவாரா என்ற அச்சங்கள்தான் மாணவரை அறைக்குள் பூட்டி வைக்கின்றன. திரும்பி வரும் வழி விதிப்புத்தகத்தில் இருந்தாலும், அதை மாணவருக்குச் சொல்வார் யாருமில்லை என்பதே பெரும்பாலான இடங்களில் நிலைமை. நான் வார்டனாக இருந்தபோது அந்த விதியை நானே மூன்றாம் ஆண்டில்தான் முழுமையாகப் படித்தேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளில் என்னிடம் வந்த மாணவர்களுக்கு நான் எவ்வளவு தவறாக வழிகாட்டியிருப்பேன் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

இது ஒரு வளாகத்தின் சிக்கல் மட்டும் அன்று. மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் 2018-க்கும் 2023-க்கும் இடையே 98 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாக மாநிலங்களவையில் அரசே தெரிவித்தது. அவர்களில் 39 பேர் ஐ.ஐ.டி.களைச் சேர்ந்தவர்கள், என்.ஐ.டி.களிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் 25 பேர் வீதம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2023-ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களிலேயே நான்கு மாணவர்களை இழந்தோம். அதன் பிறகு ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஜி. திலகவதி தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் டெல்லி ஐ.ஐ.டி., செமஸ்டருக்கு இரண்டாக இருந்த இடைத்தேர்வுகளை ஒன்றாகக் குறைத்தது. ஒரு தேர்வைக் குறைப்பது சிறிய மாற்றம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ஐந்தாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை தூங்காத பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில், அது சிறிய மாற்றம் இல்லை என்று சொல்வேன்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதை என்னைவிட அறிந்தவர்கள் சொல்லட்டும்.


இரவுப்பணி எழுதியது:

சகோதரி, நான் தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஒன்றில் பத்தாண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். அழைப்பவர்களைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்பது எங்கள் விதி. அதனால் எந்த ஒரு நபரையும் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருப்பவருக்கு, அதைப் பெயர் சொல்லி ஒருவர் கேட்பது பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கிறது. அத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. ஆனால் கேட்கும் விதம் முக்கியமானது. நம் வீடுகளில் பெரும்பாலும், "அந்த மாதிரியெல்லாம் நீ நினைக்க மாட்டாய், இல்லையா?" என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியிலேயே பதிலும் அடங்கியிருக்கிறது. பிள்ளை ஆமாம் என்று சொல்ல அதில் இடமில்லை. அதற்குப் பதிலாக, "உன் பக்கத்து அறைத் தம்பி இறந்ததைக் கேட்டதிலிருந்து எனக்கு உன் நினைவாகவே இருக்கிறது. உனக்கும் செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் என்னிடம் சொல்லலாம், நான் கோபப்பட மாட்டேன், அழ மாட்டேன்" என்று நீங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே கேளுங்கள். அழாமல் இருக்க முடியாது என்றால் அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள்.

ஆமாம் என்று சொன்னால் அறிவுரை கூறாதீர்கள். "எங்களை நினைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டுவிடாதீர்கள், ஏற்கெனவே தான் எல்லோருக்கும் பாரம் என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அது இன்னொரு குற்றச்சாட்டாகவே கேட்கும். கோழைத்தனம் என்ற சொல்லை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, எப்படிச் செய்வது என்றுகூட யோசித்திருக்கிறாயா என்று கேளுங்கள். திட்டம் வரை யோசித்திருந்தால் அவரை அந்த இரவு தனியாக விடக் கூடாது: அறைத்தோழர், வார்டன், வளாக மருத்துவமனை என யாரையாவது உடனே உடன் இருக்கச் செய்து, நீங்கள் அடுத்த வண்டியில் கிளம்புங்கள்.

இல்லை என்று சொன்னாலும் உங்கள் கவலை ஆதாரமற்றது இல்லை. ஒரு மரணத்துக்குப் பின் அதே விடுதியில், அதே வகுப்பில் இருப்பவர்கள் சில வாரங்கள் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா, தமக்குப் பிடித்தமானவற்றைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறார்களா, திடீரென்று விடைபெறுவதுபோல் பேசுகிறார்களா என்பதையெல்லாம் கவனிக்க வேண்டும். நிறுவனம் அந்த விடுதி மாணவர்களை அமர வைத்துப் பேசியதா என்று கேளுங்கள். மறுநாளே வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும் என்று அறிவிப்பது, அந்த மாணவர் அங்கே வாழவே இல்லை என்று மற்றவர்களிடம் சொல்வதற்குச் சமம். எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு.

அலுவலக நேரத்தில் மட்டும் எடுக்கப்படும் ஆலோசனை எண் விடுதிக்குப் பயன்படாது. மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் இதே எண்ணை 'நட்புடன் உங்களோடு மனநலச் சேவை' என்ற பெயரில் நடத்துகிறார்கள். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. உங்கள் மகனிடம் கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை அழைத்துப் பேசிப் பாருங்கள், பெற்றோரும் பேசலாம்.

வார்டன் ஐயா சொன்ன 'திரும்பி வரும் வழி' பற்றி ஒரு சொல். நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறாதவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம். தேர்வு முடிவு வரும் நாளில் எங்கள் தொலைபேசிகள் ஓயாமல் ஒலிக்கும். அன்று அழைக்கும் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லத்தக்க உறுதியான செய்தி அந்தத் துணைத்தேர்வின் தேதிதான்.


ஆய்வேடு எழுதியது:

மேலே எழுதிய இருவரின் மீதும் மரியாதை உண்டு. ஆனாலும் இந்த உரையாடல் முழுவதும் மாணவரின் மனத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். என் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள்.

சேர்ந்த முதல் நாளே "உன் ரேங்க் என்ன?" என்று கேட்பார்கள். அது நுழைவுத் தேர்வைப் பற்றிய கேள்விபோல் ஒலிக்கும். இடஒதுக்கீட்டில் வந்தவனா என்று தெரிந்துகொள்வதற்கான கேள்வி அது என்பது ஒரு வாரத்தில் புரிந்துவிடும். டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை சுகதேவ் தோரட் குழு 2007-லேயே அறிக்கையாகக் கொடுத்தது. அதன் பிறகு 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவை இழந்தோம். தனக்கு ஏழு மாத உதவித்தொகை வர வேண்டியிருக்கிறது என்று அவர் எழுதி வைத்திருந்ததை நாடே படித்தது. 2019-இல் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தட்வி இறந்தார். இருவரின் தாய்மாரும் சேர்ந்து அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் போகவில்லை, வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதற்காகப் போனார்கள்.

உதவித்தொகை ஐந்து மாதம் வராத ஒருவரை ஆலோசகரிடம் அனுப்பினால் அவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார். என்னை அனுப்பினார்கள், சொல்லிக்கொடுத்தார். அந்த ஆலோசகர் நல்ல மனிதர். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மெஸ் பாக்கிக்காக என் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை அவரால் எடுக்க முடியவில்லை. ஆய்வு மாணவர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு: கைடு ஒருவரே எங்கள் கட்டுரை, கையெழுத்து, உதவித்தொகைப் படிவம், பின்னாளில் வேலைக்கான பரிந்துரை ஆகிய அனைத்தையும் தம் கையில் வைத்திருக்கிறார். அவரோடு முரண்பட்டால் முறையிட வேண்டிய குழுவில் அவருடைய சக பேராசிரியர்களே அமர்ந்திருப்பார்கள்.

அம்மா, உங்கள் மகன் எந்தச் சூழலில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது, அங்கே உன்னை யாராவது இழிவாகப் பேசுகிறார்களா, கையில் பணம் இருக்கிறதா, பேச நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் ஆண்டில் என் அம்மா தொலைபேசியில் கேட்ட ஒரே கேள்வி, "அங்க உன்கூட உக்காந்து சாப்பிட ஆளு இருக்கா?" என்பதுதான். அதற்கு மட்டும் என்னால் பொய் சொல்ல முடிந்ததில்லை.


பழைய வார்டன் எழுதியது:

தம்பி ஆய்வேடு எழுதியது சரி. நான் எழுதியதில் அது விடுபட்டிருக்கக் கூடாது. மெஸ் பாக்கி வைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் என் விடுதியிலும் இருந்தது. அதில் கையெழுத்திட்டவன் நான்.


மதுரை வழக்கறிஞர் எழுதியது:

சட்டம் தொடர்பான கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டெல்லி ஐ.ஐ.டி.யில் 2023-இல் இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பெற்றோர் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியும்படி கேட்டு, அது மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்திலும் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை வந்தவர்கள். வழக்குப் பதிய உத்தரவிட்டதோடு, உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலத்தை ஆராய முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் நீதிமன்றம் அமைத்தது. வளாகத்தில் இத்தகைய மரணம் நேர்ந்தால் காவல்துறையில் உடனே முறையிடுவது நிர்வாகத்தின் கடமை என்றும் கூறியது. பணிக்குழு ஆராய வேண்டிய காரணங்களில் சாதிப் பாகுபாடு, ராகிங், பணச்சுமை ஆகியவையும் உள்ளன. ஆய்வேடு நண்பர் சுட்டியவை நீதிமன்றத்தின் பார்வையிலும் இருக்கின்றன.

அதே ஆண்டு ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு வேறொரு வழக்கில், மனநலம் என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, பதினைந்து வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தனிச் சட்டம் வரும்வரை அவை நாடு முழுவதும் கல்வி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும். எடுத்த நடவடிக்கைகளைப் பற்றி, மாணவர் பெயர் வெளிப்படாத வகையில், ஆண்டறிக்கை தயாரித்து யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) போன்ற ஒழுங்குமுறை அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையைக் கேளுங்கள். மத்திய அரசின் நிறுவனம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படியும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.

குறிப்பு எழுதப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் சிகிச்சை விவரங்களைக் கமுக்கமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. அந்த விவரம் வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போவதற்கு வழியில்லை. போனால் அது சட்டமீறல். அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் வழக்காகும் என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

இதே கமுக்க உரிமையால் உங்களுக்கு ஒரு சிக்கலும் உண்டு. மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதால், அவனுடைய ஒப்புதல் இல்லாமல் ஆலோசனை மையம் உங்களிடம் எதையும் சொல்லாமல் இருக்கலாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம், அடுத்தடுத்து மாணவர்களை இழந்த பின், 2018-இல் ஒரு வழி செய்தது: சேரும்போதே ஒவ்வொரு மாணவரிடமும், உன் நலத்தைப் பற்றிப் பெரிய கவலை எழுந்தால் யாரிடம் சொல்லலாம் என்று கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலான மாணவர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். உங்கள் மகன் விரும்பினால், ஒரு பக்கக் கடிதத்தில் உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதி, வார்டனுக்கும் மாணவர் நலத் துறைத் தலைவருக்கும் இப்போதே கொடுக்கலாம். அவன் தந்தையையோ உங்களையோ தவிர்த்து ஒரு சித்தப்பாவின் பெயரையோ அண்ணனின் பெயரையோ எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.


கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான்கு நாட்களாகப் பதில் எழுத இயலவில்லை.

இரவுப்பணி சகோதரி எழுதியபடியே, வீட்டில் பேசும் சொற்களில் கேட்டேன். அழ மாட்டேன் என்று வாக்குறுதி கொடுக்கவில்லை. அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சாக வேண்டும் என்று தோன்றவில்லை என்றான். ஆனால் அந்த மாணவர் இறந்த நாளிலிருந்து விடியும்வரை தூக்கம் வருவதில்லை, அந்தத் தாழ்வாரத்தில் நடக்கவே முடியவில்லை, சுற்றுப்பாதையில் மாடிப்படி ஏறித்தான் அறைக்குப் போகிறேன் என்றான். கடந்த செமஸ்டரில் இரண்டு பாடங்களில் அரியர் இருப்பதையும் அப்போதுதான் சொன்னான். முதல் சொல்லாகத் திட்டு வந்துவிடுமோ என்று பயந்து என் வாயை நானே பொத்திக்கொண்டேன். பிறகு, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பையனும் சேலத்துப் பையன் ஒருவனும் இருக்கிறார்களாம். மறுநாள் சேலத்துப் பையன் அவனை வளாக மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறான். அடுத்த வாரம் மனநல மருத்துவரைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஊருக்கு அழைத்து வருவதா என்பதை அவனிடமே கேட்டேன். இப்போது வந்தால் திரும்பிப் போக மனம் வராது, நீங்கள் ஒருமுறை வந்து போங்கள் என்றான். பள்ளியில் ஒரு வார விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்; வியாழக்கிழமை வண்டி ஏறுகிறேன். அதே விடுதியில் பிள்ளைகள் படிக்கும் ஒன்பது பெற்றோர் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கிறோம். ஒரு செமஸ்டர் விடுப்புக்கான விதி என்ன, அதை மாணவர்களுக்கு எங்கே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், ஆலோசகர் இரவில் இருப்பாரா, அந்த ஆண்டறிக்கை எங்கே, நிலுவை வைத்தவர்களின் பட்டியலைப் பொதுவில் ஒட்டுவதை நிறுத்துவீர்களா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோருக்கும் தனியாக எழுத வேண்டும் என்று சிலர் சொன்னார்கள்; அதற்கு எனக்கு இன்னும் சொற்கள் கிடைக்கவில்லை.

வழக்கறிஞர் ஐயா, கடிதத்தின் நகலை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள், வண்டியிலேயே பார்த்துவிடுவேன். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாணவர் நலத் துறைத் தலைவரைச் சந்திக்க நேரம் வாங்கியிருக்கிறோம்.